மலையில் ஏற ஏறத் தாவர வகைகள் குறைகின்றனவா?

கேள்வி: மலையில் மேலே போகப் போகக் குளிர் கூடுவதால் தாவர இனங்கள் குறைந்துகொண்டே போகும் என்று பாடத்தில் படித்தேன். இன்னொரு கட்டுரையிலோ, மலையின் நடுப்பகுதியில்தான் இனங்கள் மிக அதிகம் என்று இருக்கிறது. எது சரி? காரணம் என்ன?

இரண்டையும் சொன்னவர்கள் உண்மையான மலைகளைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஆனாலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் நடுப்பகுதியைத்தான் சொல்வேன். ஏற ஏறக் குறையும் என்பது நீண்ட காலம் விதியாகவே பாடங்களில் இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த உயிரியலாளர் கார்ஸ்டன் ராபெக் 1995இல் அதைக் கேள்விக்கு உட்படுத்தினார். பிறகு 2005இல், தாவரங்களையும் விலங்குகளையும் பற்றிய ஏராளமான ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய பாதி ஆய்வுகளில், இனங்களின் எண்ணிக்கை அடிவாரத்திலிருந்து கூடிக்கொண்டே போய், நடுவில் உச்சம் தொட்டு, அதன் பின் இறங்கியது. அடியிலிருந்து முடிவரை ஒரே சீராகக் குறைந்தது கால்வாசி ஆய்வுகளில்தான். மீதி வேறு வேறு வடிவங்கள்.

சரி, ஏன் இப்படி? முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். உயரம் என்பது நாம் வரைபடத்தில் எழுதும் ஓர் எண். செடிக்கு மீட்டர் கணக்கு தெரியாது. அதற்குத் தெரிவது சூடு, ஈரம், வெளிச்சம், காற்று, வேர் பிடிக்க மண், வளரக் கிடைக்கும் நாட்கள். இவற்றில் எல்லா மலைகளிலும் ஒரே திசையில் மாறுபவை சிலவே. ஏற ஏற வெப்பம் குறையும், காற்றழுத்தம் குறையும், வானம் தெளிவாக இருந்தால் புற ஊதாக் கதிர் கூடும். மழையும் காற்றின் வேகமும் அப்படி இல்லை. ஒரு மலையில் மேலே போகப் போக மழை கூடும், இன்னொன்றில் குறையும், மற்றொன்றில் நடுவில் மட்டும் கொட்டும். மழையும் மேகமும் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து இனங்களின் எண்ணிக்கையும் மலைக்கு மலை மாறுகிறது.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. காற்று உலர்ந்திருந்தால் இந்தச் சரிவு வேகமாக இருக்கும், ஈரமாக இருந்தால் மெதுவாக இருக்கும். இதைத்தான் அமெரிக்க இயற்கையியலாளர் ஹார்ட் மெரியம் 1889இல் அரிசோனாவின் சான் பிரான்சிஸ்கோ சிகரங்களில் பார்த்தார். அடியில் பாலைவனச் செடிகள், அதற்கு மேல் பைன் காடு, அதற்கும் மேல் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள், உச்சியில் மரமில்லாத குளிர்வெளி. தெற்கிலிருந்து வடதுருவம் நோக்கி நடப்பதைப் போலவே மலையேறுவதும் இருக்கிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவலானது. நல்ல ஒப்புமைதான், ஆனால் வெப்பமண்டல மலைகளுக்கு அது பாதிதான் பொருந்தும். துருவத்தை நோக்கிப் போனால் கோடையும் குளிர்காலமும் விலகி நிற்கும். நிலநடுக்கோட்டு மலை உச்சியிலோ ஒவ்வொரு பகலும் கோடை, ஒவ்வோர் இரவும் குளிர்காலம். அங்கே ஒரு செடி வருடம் முழுவதும், நாள்தோறும் உறைபனியைத் தாங்க வேண்டும்.

நீரிடம் வருவோம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த பகுதி இது. கடலிலிருந்தோ சமவெளியிலிருந்தோ வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, ஓர் உயரத்தில் மேகமாகிறது. பல மலைகளில் அந்த உயரம் ஏறக்குறைய நிலையானது. நாள்தோறும் அதே பட்டையில் மேகம் வந்து காட்டுக்குள் படுத்துக்கொள்கிறது. கிளிமஞ்சாரோவின் தெற்குச் சரிவில், 5,895 மீட்டர் மலையில், மழை மிக அதிகமாகப் பெய்வது 2,000 மீட்டரைச் சற்றுத் தாண்டிய காட்டுப் பட்டையில். அதற்குக் கீழேயும் குறைவு, மேலே போனால் இன்னும் குறைவு, உச்சிப்பகுதி ஏறக்குறைய பாலைவனம்.

மேகம் நிற்கும் பட்டையில் காடு எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தால்தான் எண்ணிக்கை ஏன் அங்கே ஏறுகிறது என்று புரியும். ஒரு மேகக் காட்டில் முதன்முதலில் ஒரு மரக்கிளையை அருகில் பார்த்தபோது, அந்தக் கிளையின் பட்டையையே என்னால் பார்க்க முடியவில்லை. பாசி, பெரணி, ஆர்க்கிட், அவற்றின் இடுக்கில் முளைத்த சிறு செடிகள் என்று ஒரு கையின் தடிமனுக்குப் போர்வை. இவை ஒட்டுண்ணிகள் இல்லை. மரத்தின் சாற்றை எடுப்பதில்லை, இடத்தை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. மண்ணில் வேர் இல்லாத இந்தத் தொற்றுச் செடிகளுக்கு மழை வந்து போனால் போதாது, காற்றிலேயே ஈரம் நிற்க வேண்டும். அடிவாரத்தில் பல இடங்களில் வெயில் உலர்த்திவிடும், உச்சியிலோ உறைபனி கொன்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் சூடும் போதும், ஈரமும் போதும் என்று ஒரு பட்டை இருக்கிறது. அங்கே தரையில் ஒரு காடும் கிளைகளின் மேல் இன்னொரு காடும் வளர்கின்றன. போர்னியோவின் கினபாலு மலை 4,095 மீட்டர்தான். அந்த ஒரே மலையைச் சுற்றி சுமார் 5,000 தாவர இனங்கள் பதிவாகியிருப்பதற்கு இந்த ஈரமான நடுப்பட்டை ஒரு பெரிய காரணம்.

ஆகவே ஒரு மலையைப் பற்றிக் கேட்டால், அதன் அடிவாரம் எப்படிப்பட்டது என்றுதான் முதலில் கேட்பேன். அடிவாரமே வறண்டது என்றால், அங்கே நீர் தடை, உச்சியில் குளிர் தடை, எனவே இனங்களின் எண்ணிக்கை நடுவில் மேடாக உயர்கிறது. அடிவாரமே சூடும் மழையும் நிறைந்த காடு என்றால் கணக்கு மாறும். அமெரிக்கத் தாவரவியலாளர் ஆல்வின் ஜென்ட்ரி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் 0.1 ஹெக்டேர் அளவுள்ள சம துண்டுகளில் மரங்களையும் கொடிகளையும் எண்ணி 1988இல் எழுதினார். சுமார் 1,500 மீட்டர் வரை காடு தாழ்நிலக் காட்டைப் போலவே வளமாக இருந்தது. அதற்கு மேல் ஏறக்குறைய நேர்கோடாகக் குறைந்தது. மரங்களை மட்டும் எண்ணினால், ஈரமான வெப்பமண்டல மலையில் உங்கள் பாடம் சொன்னது ஏறக்குறைய சரியாகிவிடுகிறது.

மரங்களை மட்டும் எண்ணினால் என்று சொன்னேன் இல்லையா, அதில்தான் அடுத்த விஷயம் இருக்கிறது. எந்தத் தாவரத்தை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மேடு இடம் மாறும். நேபாள இமயமலை இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. கிட்டத்தட்ட கடல்மட்டத்துக்கு அருகில் தொடங்கி உலகின் மிக உயர்ந்த சிகரம் வரை போகும் சரிவு வேறெங்கே கிடைக்கும்? அங்கே மொத்தத் தாவர இனங்கள் 1,500 முதல் 2,500 மீட்டருக்குள் உச்சம் தொடுகின்றன. பெரணிகளைத் தனியாக எடுத்தால் உச்சம் சுமார் 1,900 மீட்டரில். மாஸ் வகைப் பாசிகளுக்கு 2,500 மீட்டர். அவற்றின் உறவினரான லிவர்வொர்ட்டுகளுக்கு 2,800. லைக்கன்களோ 3,000 மீட்டரைத் தாண்டித்தான் உச்சம் தொடுகின்றன. (லைக்கன் முறைப்படி தாவரம் இல்லை, பூஞ்சையும் ஆல்கா என்ற நுண்ணுயிரும் சேர்ந்த கூட்டு, ஆனால் பாறையிலும் கிளையிலும் இடம் பிடிப்பதில் அது இவற்றோடுதான் நிற்கிறது.) ஒரே மலையில், ஒரே கேள்விக்கு, ஐந்து வேறு பதில்கள். உலர்வையும் குளிரையும் தாங்கும் குழுக்களின் மேடு மேலே நகர்ந்திருக்கிறது.

எண்ணும் முறையும் விடையை மாற்றும். ஓர் உயரத்தில் பத்து மீட்டர்ச் சதுரம் போட்டு எண்ணுவது வேறு, 1,000 முதல் 1,100 மீட்டர் வரையிலான பட்டை முழுவதிலும் உள்ள இனங்களைப் பட்டியலிடுவது வேறு. பட்டையின் பரப்பு பெரிதானால் இனங்களும் கூடும். அது உயரத்தின் விளைவு இல்லை, இடத்தின் விளைவு. இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு செடி 800 மீட்டரிலும் 2,000 மீட்டரிலும் பதிவாகியிருந்தால், இடையில் எல்லா உயரத்திலும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பல ஆய்வுகள் கணக்கிடுகின்றன. அப்படிச் செய்தால், நடுவில் உள்ள பட்டைகளுக்கு இரண்டு பக்கமிருந்தும் இனங்கள் சேரும். கடைக்கோடிப் பட்டைகளுக்குச் சேராது. மேடு கொஞ்சம் செயற்கையாகவே உயர்ந்துவிடும்.

இதோடு தொடர்புடைய ஒரு கருத்தை அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் கோல்வெல்லும் மற்றவர்களும் முன்வைத்தார்கள். மலைக்கு அடியும் உண்டு, முடியும் உண்டு. அந்த இரண்டு எல்லைகளுக்குள் நீளமும் குட்டையுமான குச்சிகளைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், நடுவில்தான் அதிகக் குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். இனங்களின் உயர எல்லைகளும் அப்படித்தான், சூழல் காரணம் எதுவும் இல்லாமலேயே நடுவில் மேடு வரும் என்பது வாதம். அழகான யோசனை. ஆனால் நேபாளத்தின் மேட்டைப் பாருங்கள்: 8,848 மீட்டர் உயரச் சரிவில் நடு என்பது 4,400 மீட்டர். தாவரம் வளரும் எல்லையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நடு 3,000 மீட்டர்வாக்கில் வர வேண்டும். உண்மையான மேடு அதற்கு வெகு கீழே நிற்கிறது. எனவே இது ஒரு பங்குக் காரணமாக இருக்கலாம், முக்கியக் காரணம் நீரும் வெப்பமும்தான் என்பது என் முடிவு. இதற்கு மேல், தாழ்நிலக் காடுகள் உலகெங்கும் முதலில் அழிக்கப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. இன்று அடிவாரத்தில் நாம் எண்ணும் குறைந்த எண்ணிக்கையில் கோடரிக்கும் கலப்பைக்கும் பங்கு உண்டு.

இதுவரை எத்தனை என்று மட்டுமே பேசினோம். எவை என்று கேட்டால் மலை இன்னும் வியப்பைத் தரும். வெப்பமண்டல மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால், கீழே பார்த்தவற்றில் மிகச் சிலவற்றையே மறுபடி பார்ப்பீர்கள். மிதவெப்ப மண்டலத்தில் இந்த மாற்றம் மெதுவானது. அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1967இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். குளிர்நாட்டில் அடிவாரத்துச் செடியும் கடும் கோடை, கடும் குளிர்காலம் இரண்டையும் பார்த்துப் பழகியது. மேலே உள்ள குளிர் அதற்குப் புதிதில்லை. வெப்பமண்டலத்தில் அடிவாரத்தின் வருடம் முழுவதும் ஒரே சூடு, மேலே வருடம் முழுவதும் ஒரே குளிர். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அதனால் ஒவ்வோர் இனமும் குறுகிய பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பட்டையில் இனங்கள் குறைவாக இருந்தாலும், அடுக்கடுக்காக வேறு வேறு இனங்கள் இருப்பதால் மலையின் மொத்தக் கணக்கு பெரிதாகிவிடும். வெப்பமண்டல ஆண்டிஸில் சுமார் 30,000 தாவர இனங்கள் இருப்பதில் இந்த அடுக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏறிக்கொண்டே போனால் மரங்கள் நின்றுவிடும் கோடு வரும். இது எந்த உயரத்தில் வரும் என்பதற்கு ஒரே எண் இல்லை. ஆர்க்டிக் பகுதியில் கடல்மட்டத்திலேயே வரும். திபெத்தில் ஜூனிப்பர் மரங்கள் 4,900 மீட்டர் வரை நிற்கின்றன. பொலிவியாவின் சகாமா எரிமலையில் பாலிலெபிஸ் என்ற சிறு மரம் 5,000 மீட்டரையும் தாண்டுகிறது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய தாவரவியலாளர் கிறிஸ்டியான் கோர்னர் இந்த இடங்களிலெல்லாம் வெப்பத்தை அளந்த தரவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். மர எல்லையில் வளர்பருவத்தின் சராசரி வெப்பம் உலகெங்கும் சுமார் 6.4 டிகிரி என்று கண்டார். மரம் அங்கே உணவில்லாமல் நிற்பதில்லை. இலைகள் ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை சேர்க்கின்றன, ஆனால் அந்தக் குளிரில் புதிய திசுக்களைக் கட்ட முடிவதில்லை. ஒரே மலைத்தொடரிலும் இந்தக் கோடு நேராக இருக்காது. பெரிய மலைத்திரள்களின் உட்பகுதியில் எல்லாப் பட்டைகளும் மேலே ஏறி நிற்கும். தீவிலோ கடலோரத்திலோ தனியாக நிற்கும் சிறு மலையில் அதே பட்டைகள் வெகு கீழேயே வந்துவிடும்.

மர எல்லைக்கு மேலே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆல்பைன் எனப்படும் இந்த உயர்மலை நிலம் பூமியின் நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான்; அங்கே வாழும் பூக்கும் தாவரங்கள் 8,000 முதல் 10,000 இனங்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள், அதாவது தெரிந்தவற்றில் ஏறக்குறைய 4 சதவீதம். பரப்புக்கு ஏற்ற பங்குக்குக் குறையாமல் இருக்கிறது. காரணம், தரையோடு ஒட்டி வாழ்வது. நிமிர்ந்து நிற்கும் மரம் காற்றின் குளிரை அப்படியே வாங்கும். மெத்தை போலத் தரையில் படர்ந்த செடியோ வெயில் நேரத்தில் காற்றைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் சூடாக இருக்க முடியும். ஒரு பாறையின் இரண்டு பக்கம், பனி தங்கும் பள்ளம், காற்று வீசும் முகடு என்று சில மீட்டருக்குள் பல தட்பவெப்பங்கள் அமைகின்றன. சுவிஸ் ஆல்ப்ஸின் டோம் சிகரத்துக்கு அருகே 4,505 மீட்டரில் பாறை இடுக்கில் ஊதாப்பூ பூக்கும் சாக்சிஃப்ராகா என்ற சிறு செடி வாழ்கிறது. லடாக்கில் 6,150 மீட்டரில் பூக்கும் தாவரங்கள் வேரூன்றியிருப்பதைக் கண்டார்கள். சுற்றிலும் பனியும் சரளையும்தான்.

அப்புறம், எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தவறிப்போகும் ஒன்று இருக்கிறது. நேபாளத்தில் மொத்த இனங்களின் மேடு 1,500 – 2,500 மீட்டரில் என்றேன். அந்த நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத இனங்களின் மேடோ 3,800 முதல் 4,200 மீட்டரில் இருக்கிறது. மொத்தக் கணக்கு சரிந்துகொண்டிருக்கும் இடத்தில் அரிய இனங்களின் பங்கு ஏறுகிறது. மலை உச்சிகள் தீவுகளைப் போன்றவை. இடையில் உள்ள பள்ளத்தாக்கின் சூடு கடலைப் போல அவற்றைப் பிரிக்கிறது. பனியுகங்களில் குளிர்ப்பட்டைகள் கீழிறங்கி ஒன்றோடொன்று சேர்ந்தன, சூடானபோது மறுபடி பிரிந்தன. இப்படிச் சேர்ந்தும் பிரிந்தும் புதிய இனங்கள் வேகமாகப் பிறந்தன. ஆண்டிஸின் லூபினஸ் செடிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்குள் 80க்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகின. பரிணாமக் கணக்கில் அது ஒரு கண்ணிமைப்பு. கிழக்கு ஆப்பிரிக்காவின் தனித்தனி எரிமலைகளில் ஆளுயரத்தைத் தாண்டும் லோபீலியாக்கள் வாழ்கின்றன. அவை இரவில் இலைகளை மூடி நடுக்குருத்தை உறைபனியிலிருந்து காக்கின்றன. அங்குள்ள பெரிய செனீசியோக்கள் காய்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றிக் கம்பளியாக வைத்துக்கொள்கின்றன. இந்த இனங்களில் பல, ஓரிரு மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லை.

அதனால்தான் இப்போது நடப்பது எனக்குக் கவலை தருகிறது. ஜெர்மானிய இயற்கையியலாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட்டும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் எமே போன்பிளானும் 1802இல் ஈக்குவடாரின் சிம்போராசோ மலையில் ஏறினார்கள். 1807இல் ஹும்போல்ட் வெளியிட்ட புகழ்பெற்ற படத்தில் மலையை வெட்டிக் காட்டி, எந்தச் செடி எந்த உயரத்தில் என்று பெயர்களை எழுதியிருந்தார். இரண்டு நூற்றாண்டு கழித்து அங்கே திரும்பிப் போன ஆய்வாளர்கள், தாவரங்களின் மேல் எல்லை 500 மீட்டருக்கும் மேல் ஏறியிருப்பதாக 2015இல் எழுதினார்கள். 2019இல் வேறொரு குழு அந்தக் கணக்கைத் திருத்தியது: படத்தின் தரவுகளில் பெரும்பகுதி அருகிலுள்ள அன்டிசானா மலையில் எடுக்கப்பட்டவை, அங்கே அளந்தால் ஏற்றம் 215 முதல் 266 மீட்டர். திருத்தப்பட்ட எண்ணே போதுமான அளவு பெரியது.

ஐரோப்பாவில் 302 சிகரங்களின் தாவரப் பட்டியல்கள் 145 ஆண்டுகளுக்குக் கிடைக்கின்றன. 2018இல் வெளியான ஆய்வின்படி, 87 சதவீதச் சிகரங்களில் இனங்கள் கூடியிருக்கின்றன. அதுவும், 2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டில் கூடிய வேகம், 1957 முதல் 1966 வரையிலான வேகத்தைப் போல ஐந்து மடங்கு. பல்வகைமை கூடுகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். வருபவை கீழே பரவலாக வாழும் இனங்கள். உயரமாகவும் வேகமாகவும் வளரும் அவை, மெதுவாக வளரும் பழைய குடிகளின் வெளிச்சத்தை மறைக்கும். பழைய செடிகள் நீண்ட ஆயுள் கொண்டவை என்பதால் உடனே மறைவதில்லை. பட்டியலில் இருக்கும், ஆனால் புது நாற்றுகள் வராது. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே இழப்பு தொடங்கியிருக்கலாம்.

ஏறிப்போனால் இடம் குறைந்துகொண்டே போகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லா மலைத்தொடருக்கும் அது உண்மை இல்லை. 182 மலைத்தொடர்களை அளந்து 2015இல் வெளியான ஆய்வில், ஏற ஏறப் பரப்பு குறையும் பிரமிடு வடிவம் மூன்றில் ஒரு பங்குத் தொடர்களில்தான் இருந்தது. சிலவற்றில் நடுவில் பரப்பு கூடும், சிலவற்றில் மேலே பீடபூமி விரியும். எனவே சில இனங்களுக்கு ஏறிப்போக இடம் இருக்கிறது. தனி எரிமலைகளின் உச்சியில் உள்ளவற்றுக்கு அது இல்லை. மேகக் காடுகளுக்கோ சிக்கல் வேறு: சூடு கூடி மேகம் உருவாகும் உயரம் மேலே நகர்ந்தால், கிளைகளில் தொங்கும் அந்தப் பெரணிகளும் ஆர்க்கிட்களும் மரத்தோடு சேர்ந்து நகர முடியாது.

நீங்களே ஒரு மலையில் இதைச் சோதிக்க விரும்பினால், ஒவ்வொரு 200 மீட்டருக்கும் ஒரே அளவுச் சதுரம் போடுங்கள். மரம், தரைச்செடி, கிளையில் தொற்றியவை என மூன்று பட்டியல்களைத் தனித்தனியே எழுதுங்கள். சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, காலையில் மேகம் எங்கே நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பட்டியல்களும் மூன்று வேறு உயரங்களில் உச்சம் தொட வாய்ப்பு அதிகம். அவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக்கும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.